தீனி நிறுத்தம்

முதல் நிமிடத்தில் தொண்ணூற்றாறு கொத்து, இரண்டாவது நிமிடத்தில் நூற்று நாற்பத்தொன்று, எழுதியாகிவிட்டது. இனி தீனி வராது என்பது எனக்குத் தெரியும், ரோஸ்லின் மேடத்துக்குத் தெரியும், பெட்டிக்குள் இருக்கிற பதினேழாம் நம்பர் புறாவுக்கு மட்டும் தெரியாது. அது கொத்துகிறது. வெளிச்சம் எரிகிற சிவப்பு வட்டை, நேற்று வரை கொத்தினால் தீனித் தட்டு மேலே ஏறி வந்த அதே வட்டை, இன்னும் வேகமாக, இன்னும் ஓங்கி, குறை தன் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டதுபோலக் கொத்துகிறது. பெட்டியின் பக்கச் சுவரில் சட்டைப் பொத்தான் அகலத்துக்கு ஒரு துளை. அதில் வலது கண்ணை வைத்துக்கொண்டு பத்து மணியிலிருந்து பதினொன்று வரை நான் உட்கார்ந்திருக்க வேண்டும். கொத்துகளை எண்ண இயந்திரம் இருக்கிறது, நிமிடத்துக்கு ஒருமுறை அதில் தெரிகிற எண்ணைப் பார்த்து எழுதினால் போதும். ஆனால் கொத்தாத நேரத்தில் புறா என்ன செய்கிறது, சிறகை அடிக்கிறதா, சுற்றுகிறதா, சும்மா நிற்கிறதா, அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். "உங்க கண்ணுதான் எனக்கு வேணும், புன்னைவனம்" என்று மேடம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். இந்தக் கல்லூரியின் உளவியல் துறையில் முப்பத்தொரு வருஷமாக லேப் அசிஸ்டென்ட். முழங்கால் போய்விட்டது, தலைமுடி போய்விட்டது, கண் மட்டும் இன்னும் நிற்கிறது, அதுவும் இன்றைக்கு எரிகிறது. நாலரைக்கு எழுந்தது. பெண்டாட்டி ஆவுடையைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும், ஒரு கையை அவள் தோளுக்கடியிலும் இன்னொன்றை இடுப்புக்கடியிலும் கொடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தூக்கு, துணி மாற்றி, துடைத்து, பவுடர் போட்டு, அதற்குள் விடிந்துவிடும். மூன்றாவது நிமிடம், நூற்று முப்பத்தெட்டு. இந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட முடியும். பெட்டிக்குள் காற்றாடி ஓடுகிற சத்தம் தாலாட்டுகிறது. வெளியே பாளையங்கோட்டை வெயில் ஜன்னல் அட்டை இடுக்கில் ஒரு கோடாக விழுந்து என் செருப்பின் மேல் கிடக்கிறது. தூங்கக் கூடாது. மேடம் ஐந்து வருஷமாக எழுதுகிற ஆராய்ச்சியில் இது கடைசிக் கட்டம், நோட்டில் அதற்கு 'தீனி நிறுத்தம்' என்று பெயர், பழகின பறவை எத்தனை கொத்துக்குப் பிறகு நம்பிக்கையை விடுகிறது என்று பார்க்கிற கட்டம். நம்பிக்கை என்ற சொல்லை மேடம் எழுத மாட்டார். புறாவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, அது செய்வது மட்டும்தான் நமக்குத் தெரியும் என்பார். சரிதான். நாலாவது நிமிடம், நூற்று இருபத்திரண்டு.

எட்டு வாரத்துக்கு முன்னால் இது வந்தபோது மூலையில் ஒடுங்கி நின்றது. வட்டு என்று ஒன்று சுவரில் இருப்பதே அதற்குத் தெரியாது. முதல் நாள் வட்டு இருக்கிற பக்கம் தலையைத் திருப்பினாலே தீனி கொடுத்தேன். திருப்பிய அந்த நொடியில் என் கையிலிருக்கிற பொத்தானை அழுத்துவேன், டக் என்று தட்டு மேலே வரும், கம்பும் சோளமும், மூன்று விநாடி, பிறகு இறங்கிவிடும். பத்துத் தடவை. அப்புறம் திருப்பினால் மட்டும் போதாது, ஒரு எட்டு எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் இரண்டு எட்டு. அப்புறம் கழுத்தை நீட்ட வேண்டும், அப்புறம் அலகு வட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும், அப்புறம் ஒரு நாள் தற்செயலாக அலகு பட்டுவிடும், டக், அவ்வளவுதான், அதற்குப் பிறகு அது கொத்துகிற புறா. இதை மேடம் கரும்பலகையில் வலுவூட்டல் என்று எழுதுவார், எனக்கு அது தீனி. கொடுக்கிற நேரம்தான் எல்லாமே. அரை விநாடி பிந்தினால் அது செய்ததற்கு இல்லை, அடுத்துச் செய்ததற்குத் தீனி என்று ஆகிவிடும், புறா வேறெதையோ கற்றுக்கொள்ளும். ஒருமுறை நான் அசந்து மூன்று நாள் கடிகாரம் வைத்தமாதிரி தீனி கொடுத்துவிட்டேன், அது என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் நிமிடத்துக்கு ஒன்று. அந்தப் புறா இடதுபக்கமாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. தட்டு ஏறுவதற்கு முன்னால் தற்செயலாக ஒருதரம் சுற்றியிருக்கிறது, பாவம், சுற்றினதால்தான் வந்தது என்று பிடித்துக்கொண்டது. புதிதாக வருகிற மாணவர்களிடம் நான் ஒன்று சொல்வேன், அவசரப்படாதிய, ஒரு படியைத் தாண்டினா அடுத்த படி, ரெண்டு படி சேந்தாப்புல கேட்டியன்னா அது உள்ளதையும் விட்டுரும். முப்பத்தொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆறாவது நிமிடம், தொண்ணூறு. ஐந்தாவது நிமிடத்தை எழுதினேனா? எழுதியிருக்கிறேன், நூற்று ஒன்பது, என் கையெழுத்துத்தான், எழுதினது ஞாபகமில்லை.

ஐப்பசியில், தீபாவளிக்கு மறுநாள், பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. என்ன ஆவுடை, தண்ணி போகுது பாரு என்றுதான் முதலில் சொன்னேன், தண்ணி போகுது பாரு. அவள் என்னைப் பார்த்தாள், வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. மூளையில் இடதுபக்கம் என்றார் டாக்டர். வலது கை, வலது கால், பேச்சு. நாம் சொல்வது எல்லாம் அவர்களுக்குப் புரியும், சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கும், வாய்க்கு வருகிற வழிதான் அடைபட்டிருக்கிறது என்றார். அவளுக்கா. சத்துணவு மையத்தில் இருபத்தாறு வருஷம் அமைப்பாளராக இருந்தவள், நூற்றெண்பது பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள், ஏ முருகேசு வரிசையில நில்லுல, ஏட்டி பேச்சி இன்னுங் கொஞ்சம் போடட்டா என்று அவள் போடுகிற சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அந்த நூற்றெண்பதும் அவள் பிள்ளைகள். அந்த வாய் மூன்று மாதம் ஆ, ஆ என்றது, அவ்வளவுதான். தை பிறந்த பிறகு பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஷர்மிளா என்றொரு பெண் வர ஆரம்பித்தாள், செவ்வாயும் வெள்ளியும். "அங்கிள், அவங்க என்ன சத்தம் குடுத்தாலும் சந்தோசப்படுங்க. கேக்கறது ஒடனே கெடைச்சா அவங்களுக்கே இன்னொரு தடவை சொல்லணும்னு தோணும்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அம்மாடி, நான் இதைத்தானே சோறு தின்ன நாள் முதலாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி எத்தனையோ நாளைக்குப் பிறகு நிம்மதியாகப் படுத்தேன். இனி இது என் வேலை, எனக்குத் தெரிந்த வேலை. எட்டாவது நிமிடம், எழுபத்துநான்கு. ஒருமுறை வட்டைவிட்டுத் திரும்பி என் துளையைப் பார்த்தது. என்னைத் தெரியாது, உள்ளேயிருந்து பார்த்தால் வெறும் இருட்டுத்தான். பார்த்தது என்று எழுதினேன்.

காப்பியில் ஆரம்பித்தேன். அவளுக்குக் காப்பி என்றால் உயிர், காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. டம்ளரை அவள் கண்ணுக்கு நேரே பிடித்து, ஆவுடை, காப்பி, காப்பி என்று சொல்வேன். முதல் நாள் தொண்டையில் ஒரு 'க்' வந்தது, உடனே உதட்டில் வைத்தேன். நாலு நாளில் 'கா'. 'கா' சொன்னால்தான், 'க்' போதாது. மாசி பாதியில் ஒரு காலை, வெயில் படுக்கைக்கு வந்திருந்தது, நான் கட்டிலுக்கு இடதுபக்கம் ஸ்டூலைப் போட்டு நீலச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன், அவள் "காப்" என்றாள். சுத்தமாக, அடைத்த கதவு திறந்தமாதிரி, காப். எனக்குக் கை நடுங்கிக் காப்பி போர்வையில் கொட்டிவிட்டது. அவள் சிரித்தாள், பாதி வாயால். அன்றைக்கு லேபுக்கு வந்து யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கூண்டுகளுக்கு ஒரு பிடி தீனி கூடுதலாகப் போட்டேன். அதற்குப் பிறகு ஸ்டூலை இடதுபக்கம்தான் போடுகிறேன். நீலச் சட்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் துவைத்துப் போட்டுக்கொள்கிறேன், இன்றைக்கும் அதுதான், காலர் கிழிந்துவிட்டது. ஒருநாள் ஸ்டூல் வலதுபக்கம் இருந்தது, அவள் சொல்லவில்லை, எழுந்து அதை இந்தப்பக்கம் கொண்டுவந்து போட்டுவிட்டு மறுபடியும் கேட்டேன். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இடதுபக்கமாகச் சுற்றின அந்தப் புறாவை நான் பாவம் என்றேன். அவள் ஒரு சத்தம் போட்டால் எனக்கு ஒரு நாள் ஓடுகிறது, இரண்டு நாள் அவள் போடாவிட்டால் மூன்றாம் நாள் இன்னும் கிட்டே போய் இன்னும் ஓங்கிக் கேட்கிறேன், காப்பி சொல்லு, காப்பி சொல்லு. யாருக்கு யார் தீனி போடுகிறார்கள் என்றே தெரியவில்லை. பதினொன்றாவது நிமிடம், அறுபது. பன்னிரண்டு, நாற்பத்தொன்று. சிறகு ஒருமுறை அடித்தது. சோர்வா, கோபமா, எழுதுவதற்கு அந்த இரண்டு சொல்லும் கிடையாது, சிறகு அடித்தது என்பது மட்டும்தான்.

போன வாரம் நான் படியை உயர்த்தினேன். ஒரு சொல் வந்துவிட்டது, இனி இரண்டு சொல், 'காப்பி தா'. ஷர்மிளா வெள்ளிக்கிழமை, "இப்ப வேண்டாம் அங்கிள், 'காப்' நல்லா நிக்கட்டும்" என்றாள். சரிம்மா என்றேன். சரி என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். ஏன்? பதினாலு மாதத்தில் ஓய்வு, அதற்குள் அவள் எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு அவசரம். இல்லை, அதுகூட இல்லை. அந்த 'காப்' எனக்குப் பழகிவிட்டது. முதல் நாள் கை நடுங்கியதுபோல் இப்போது நடுங்குவதில்லை, எனக்கு இன்னொரு நடுக்கம் வேண்டியிருந்தது. அப்படித்தான் இருக்கும். சனி, ஞாயிறு, திங்கள், மூன்று நாளும் அரை மணி நேரம் பிடித்துக் கடைசியில் பாவம் பார்த்துக் கொடுத்துவிட்டேன். இன்றைக்குக் கொடுப்பதில்லை என்று எழுந்திருக்கும்போதே முடிவு. ஆறரைக்கு டம்ளரோடு உட்கார்ந்தேன், ஆவி பறந்தது. "காப்" என்றாள். தா சொல்லு, காப்பி தா. "காப்." முழுசாச் சொல்லு ஆவுடை, ஒன்னால முடியும். "காப்." இடது கையை நீட்டினாள், நான் டம்ளரைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன். கொஞ்சம்தான், நாலு விரற்கடை. அந்த நாலு விரற்கடைதான் காலையிலிருந்து என் கண்ணுக்குள் நிற்கிறது. அவள் கை அந்த இடத்தில் நின்றது, விரல் விரிந்தபடியே. "காப், காப், காப்." வேகவேகமாக, ஓங்கி. நான் எண்ணினேன். என் புத்தி அப்படி. பெண்டாட்டி கேட்கிறாள், நான் எண்ணுகிறேன், பதினாலு தடவை. பதினாலாவது தடவை சத்தமே இல்லை, உதடு மட்டும் அசைந்தது. காப்பியின் மேல் ஆடை படிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, அதை நான் எண்ணவில்லை. பிறகு நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, நான் புரட்டாமல், தானாகவே, முக்கி முனகி, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஐந்து மாதத்தில் தானாகத் திரும்பினது அதுதான் முதல்முறை. நான் டம்ளரை மேசையில் வைத்துவிட்டேன். பகலில் பார்த்துக்கொள்ள அவள் தங்கச்சி உலகம்மை எட்டு மணிக்கு வந்தாள், அவளிடம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன், "உலகு, 'காப்பி தா'ன்னு கேட்டாத்தான் குடு. சும்மா குடுத்துராத, கெட்டுப்போயிரும்." உலகம்மை ஒரு மாதிரி பார்த்தாள். "மாத்திரைய என்ன செய்ய அத்தான்?" "காப்பி கூடத்தான் மாத்திரை." சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடி வந்துவிட்டேன். கெட்டுப்போயிரும் என்றேன். பதினாறாவது நிமிடம், பன்னிரண்டு. பதினேழு, இருபது. மறுபடியும் கூடுகிறது, இப்படித்தான், விட்டுவிட்டது என்று நினைப்போம், திடீரென்று ஒரு கூட்டம் கொத்து வரும்.

பெட்டிக்கு அந்தப்பக்கம் தீனி டப்பா இருக்கிறது. எழுந்து ஒரு பிடி போட்டுவிடலாம். போட்டால் மேடத்தின் ஐந்து வருஷம் போச்சு, அதோடு புறாவுக்கும் நல்லதில்லை, இவ்வளவு நேரம் விடாமல் கொத்தினதால்தான் கிடைத்தது என்று பிடித்துக்கொள்ளும், அடுத்த தடவை இரண்டு மணி நேரம் கொத்தும். எப்போதாவது கிடைப்பதுதான் ஆளை விடாது. ஒவ்வொரு கொத்துக்கும் தீனி கிடைத்துப் பழகின புறா சீக்கிரம் விட்டுவிடும், ஐந்துக்கு ஒருமுறை, நாற்பதுக்கு ஒருமுறை என்று எப்போது வருமென்றே தெரியாமல் பழகினது விடாது. இதுவும் அப்படிப் பழகினதுதான், நான்தான் பழக்கினேன். கல்யாணமான புதிதில் ஒருமுறை ஆவுடையை இங்கே கூட்டிவந்து காட்டினேன். இதோ இந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்து துளையில் பார்த்தாள். அப்போது எட்டாம் நம்பரோ ஒன்பதோ, கெட்டிக்காரப் புறா, பச்சை வட்டைக் கொத்தும், சிவப்பைத் தொடாது. அவள் கை தட்டுவாள் என்று நினைத்தேன். "அது பசியில இருக்கா?" என்று கேட்டாள். ஆமா, பசி இருந்தாத்தான கொத்தும், எடையைக் குறைச்சுத்தான் வச்சிருப்போம், நூறு கிராமுக்கு எண்பதுன்னு வச்சுக்கோ என்றேன். மறுபடியும் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். "பட்டினி போட்டுத்தான் படிச்சுக் குடுக்கியளா?" என்றாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன், அதன் பிறகு அவள் இங்கே வந்ததில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் கூண்டுக்குத் தண்ணீர் வைக்க நான் கிளம்பினால் மட்டும் கொஞ்சம் பச்சைப்பயறு கட்டிக் கொடுப்பாள். அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு தலைமையாசிரியர் வந்தார், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளை மத்தியானச் சாப்பாட்டு வரிசைக்கு வெளியே நிறுத்தினார். ஒரு நாள் பார்த்தாள், இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கரண்டியோடு போய் அவர் அறை வாசலில் நின்றாளாம். "அடிக்கணும்னா அடிங்க சார். நிப்பாட்டணும்னா வகுப்புல நிப்பாட்டுங்க. தட்டுல கை வைக்காதிய" என்றாளாம். வீட்டில் வந்து எனக்குச் சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது, கரண்டியைக் கையில் பிடித்திருப்பதுபோலவே கை மடங்கியிருந்தது. நான் அன்றைக்கு நல்லா சொன்ன என்றேன். இன்றைக்குக் காலையில் என்னைப் பார்த்தாளே அந்தப் பார்வை, அந்தத் தலைமையாசிரியரும் அதைத்தான் பார்த்திருப்பார். இருபத்திரண்டாவது நிமிடம், நாலு. சுற்றுகிறது. வட்டுக்குப் பக்கத்துச் சுவரைக் கொத்துகிறது, அங்கே ஒன்றுமே இல்லை. இருபத்துமூன்று, இரண்டு. இருபத்துநாலு, ஒன்றுமில்லை. மூலைக்குப் போய்க் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, வட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டது. வட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது என்று எழுதினேன், பேனா நின்றுவிட்டது. புறாவென்றால் நாளைக்கு மறுபடியும் உள்ளே விட்டால் கொத்தும், ஒரு ராத்திரி போனால் கொஞ்சம் திரும்பி வரும், அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மனுஷி திரும்பி வருவாளா? அந்த 'காப்' இருக்கிறதே, ஐந்து மாதத்தில் அவளிடம் இருந்த ஒரே சொல், அதுவும் போய்விட்டால்? உள்ளே ஆயிரம் சொல் நிற்கிறது, வெளியே வர ஒரு சந்துதான் திறந்தது, அதில் நான் போய்க் காலை வைத்து நின்றுகொண்டேனே. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. லேபில் போன் எடுக்கக் கூடாது. எடுக்கவில்லை. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.

உலகம்மைதான். "அத்தான், அக்கா ஒண்ணுமே வாங்க மாட்டேங்கா" என்றாள், அழுதிருக்கிறாள், மூக்கடைத்த குரல். "நீங்க சொன்னமாதிரி எட்டரைக்குக் கேட்டேன், பத்து மணிக்குக் கேட்டேன், வாயவே தெறக்கல. போட்டும்னு சும்மாவே குடுத்துப் பாத்தேன் அத்தான், பல்லக் கடிச்சுக்கிட்டா. தண்ணியும் வேண்டாங்கா. ரத்தக்கொதிப்பு மாத்திரை போடல. சொவத்தப் பாத்தே படுத்திருக்கா, கண்ணுல தண்ணியா வருது, தொடைச்சா தட்டிவிடுதா." நான் எழுந்துவிட்டேன். கண் துளையில் இல்லை, இருபத்தைந்தா இருபத்தாறா தெரியவில்லை. வாரேன், இப்பமே வாரேன் என்று சொல்ல வாயெடுத்தேன், பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரமாகும். "போனை அவ காதுல வைய்யி" என்றேன். "என்ன பேசப்போறிய?" தெரியவில்லை. "வைய்யி உலகு." சேலை உரசுகிற சத்தம், கட்டில் கிரீச்சிடுகிற சத்தம், "யக்கா, அத்தான் பேசுதாவ" என்று உலகம்மை சொல்வது தூரத்தில் கேட்டது. பிறகு மூச்சு. ஆவுடையின் மூச்சு எனக்குத் தெரியும், இருபத்தொன்பது வருஷம் பக்கத்தில் கேட்ட மூச்சு. "ஆவுடை" என்றேன். மூச்சு நின்று மறுபடியும் வந்தது. "நீ எதுவும் சொல்ல வேண்டாம்" என்றேன். என் குரலைக் கேட்க எனக்கே கேவலமாக இருந்தது, லேபின் ஓட்டுக்கூரைக்குக் கீழே ஒரு கிழவன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "சொல்ல வேண்டாம், கேட்டியா. காப்பிய நான் பின்னால இழுத்துட்டேன். இழுத்தது தப்பு. ஒன்னைய புறா மாதிரி..." அதற்கு மேல் வரவில்லை. எனக்கும் வழி அடைத்துக்கொண்டது. உள்ளே இருந்தது, தொண்டை வரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. இதுதானா, தினமும் இப்படித்தானா இருக்கிறது அவளுக்கு? "இனிமே கேக்க மாட்டேன் ஆவுடை. நீ பேசலன்னாலும் போட்டும். குடி. மாத்திரையப் போடு. சாயந்திரம் வந்து நானே போட்டுத் தாரேன், சக்கர தூக்கலா." மூச்சுதான். நீளமாக ஒன்று. நான் சொல்ல வேண்டியது தீர்ந்துவிட்டது, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன், எதற்காக நிற்கிறேன் என்றும் தெரியவில்லை. அப்போதுதான் கேட்டது. "போ."

போ. அவ்வளவுதான். கரகரத்து, அடியிலிருந்து, ஆனால் முழுசாக. சொல்லிக்கொடுத்த சொல் இல்லை. ஷர்மிளாவின் பட்டியலில் இல்லை, நான் ஒருநாளும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு கேட்டதில்லை, அதற்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை. அது அவளுடையது, அவளே எடுத்துச் சொன்னது. போன் எங்கோ விழுந்த சத்தம், தள்ளிவிட்டிருக்கிறாள். உலகம்மை அதை எடுத்து, "அத்தான்! கேட்டியளா அத்தான்! அக்கா பேசிட்டா, 'போ'ன்னு சொன்னா, தெளிவா, 'போ'ன்னு!" என்று கத்தினாள். கேட்டேன் என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். இருபத்தொன்பது வருஷத்தில் அவள் என்னை 'போ' என்றதில்லை. போங்க, வாங்க, சாப்பிடுங்க, எவ்வளவு கோபம் வந்தாலும் 'போங்க அங்கிட்டு' என்றுதான் சொல்வாள். என் அம்மா முன்னாலும் அப்படித்தான், யாரும் இல்லாதபோதும் அப்படித்தான். அந்த 'ங்க' வாயில் வராமல் போயிற்றா, வேண்டாம் என்று விட்டாளா? அப்போதுதான் எனக்கு உறைத்தது, நாலு நாளாக நான் அவளை 'தா' என்று சொல்லச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். தா. வாழ்நாளில் என்னிடம் அவள் சொல்லாத சொல். நாக்குக்கு வரவில்லையா, வேண்டுமென்றே அவள் சொல்லவில்லையா, எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை, எது சுலபமோ அதை எடுத்து அவள் வாயில் வைத்துப் பார்த்தேன். "அத்தான், இருக்கியளா? இப்பக் காப்பி குடுக்கவா? வாங்குவான்னு தோணுது, என்னையத் திரும்பிப் பாக்கா. குடுக்கவா, வேண்டாமா?" என்று உலகம்மை கேட்டாள். என் புத்தி அந்த நேரத்திலும் அதன் வேலையைச் செய்தது. இப்போது கொடுத்தால், சொன்ன கையோடு கொடுத்தால், 'போ' நிலைத்துவிடும். நாளையிலிருந்து என்னைக் கண்டாலே போ என்பாள், காலையில் போ, பதினொரு மணிக்குப் போ, துணி மாற்றும்போது போ. தெருவில் நாலு பேர் கேட்கச் சொல்வாள். "குடு உலகு" என்றேன், "சுடச்சுடக் குடு. இப்பமே குடு."